நாற்பதாவது கணினி

ஆயுத பூஜை விடுமுறை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் அந்த மத்தியானம் ஈ காக்கை இல்லை. ராயக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்த மேகலா, தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கேட்டைத் தட்டினாள். கம்பெனியின் நாற்பது கணினிகளுக்குள்ளும் என்னென்ன பாகம் இருக்கிறது, அதில் வேலை பார்ப்பது யார் என்று பட்டியல் எடுத்து, இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஒப்பந்தம் இன்றோடு சரி. முப்பத்தொன்பது முடிந்துவிட்டது. பாக்கி, தகடுகளை அழுத்தி வார்க்கும் பிரஸ் ஷாப்பில் இருக்கும் ஒன்று.

"பூஜை போட்ட மிஷின இன்னிக்குத் தொடக் கூடாதும்மா," என்றார் காவலாளி நாராயணப்பன். "அதுவும் அது முத்துக்குமார் சீட்டு."

"அஞ்சு நிமிஷ வேலைங்ணா. இத விட்டா என் பொழப்பே போயிரும்."

முணுமுணுத்துக்கொண்டே அவர் சாவியை எடுத்தார்.

முத்துக்குமார் அங்கே தரம் பார்த்தவர். போன மாதம் அந்த நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு யாரும் அதில் உட்காரவில்லை. உள்ளே ஆயில் நாற்றத்தோடு, நேற்று உடைத்த திருஷ்டிப் பூசணியின் புளித்த வாடையும் சேர்ந்திருந்தது. கணினியின் பவர் பட்டன் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தார்கள். மேகலா கொஞ்சம் தயங்கினாள். பிறகு துப்பட்டா முனையால் பொட்டைத் துடைத்துவிட்டு பட்டனை அழுத்தினாள்.

கருப்புத் திரையைத் திறந்து கட்டளையைத் தட்டினால், கணினி தன்னிடம் உள்ளதை ஒவ்வொன்றாகச் சொல்லும். பிராசஸர் சொன்னது. மெமரி சொன்னது. கீபோர்டு எத்தனை என்று கேட்டாள்.

இரண்டு.

குனிந்து பின்பக்கம் பார்த்தாள். ஒரே ஒரு கீபோர்டு ஒயர்தான் செருகியிருந்தது. பழைய மிஷின், ஏதோ கோளாறு என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, அந்த ஒயரையும் உருவினாள். திரும்பச் செருகுவதற்குள் திரையில் எழுத்துகள் விழ ஆரம்பித்தன.

ஒவ்வொன்றாக. நிதானமாக.

சற்றுமுன் அவள் அடித்த அதே கட்டளை.

கீபோர்டு, ஒன்று.

ஒயர் அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் காதுக்குப் பக்கத்திலேயே கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

நாராயணப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். போய் மெயின் சுவிட்சை இறக்கி, ஷாப்பைப் பூட்டிவிட்டு வந்து தண்ணீர் கொடுத்தார்.

"லிஸ்ட் அனுப்பிட்டியாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லீங்ணா. வேலை போனாப் போவுது."

சொல்லிவிட்டாளே தவிர, பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கெலமங்கலம் தாண்டும்போது மேலாளர் விஜயகுமார் போனில் கூப்பிட்டார்.

"மேகலா, நாப்பதும் வந்துருச்சும்மா. பிரஸ் ஷாப்பு லிஸ்ட் இப்பத்தான் வந்துச்சு, அஞ்சு நிமிஷம் இருக்கும். அந்த மிஷின்லருந்தே நேரா அனுப்பிட்ட போல. உன் வேலை கன்ஃபார்ம்."

மேகலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உன்னைய எங்க உக்கார வைக்கிறதுன்னு யோசிச்சுட்டு இருந்தேன். நல்லவேளை, லிஸ்ட்ல அந்த மிஷினுக்கு ஆளுன்னு நீயே உன் பேரப் போட்டுட்ட. நாளையிலருந்து அங்கயே உக்காந்துக்க."