மூன்றாவது அழைப்பு

டயலைத் திருப்பியும் அந்த ஒலி இடம் மாறவில்லை.

சோமசேகரம் முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ரேடியோவில் ஒரு நிலையத்தைப் பிடித்துவிட்டு டயலை மயிரிழை நகர்த்தினால் அதன் சுருதி ஏறும், அல்லது இறங்கும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் நிலையமே ஓடிப்போய்விடும். ஆனால் ஹெட்போனுக்குள் மெல்லியதாக, இரண்டு சுரங்கள் மாறி மாறி நடுங்கிக்கொண்டிருந்த அந்த ஒலி, இடப்பக்கம் திருப்பினாலும் வலப்பக்கம் திருப்பினாலும் அதே சுருதியில் நின்றது. செட்டுக்குள் ஏதோ ஒரு பாகம் தானாகவே கத்துகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தார்.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டுப் பங்குனி மாதம். மருதனார்மடச் சந்தியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த அவருக்கு, பிழைப்புக்கு ஒரு ரேடியோ போதாதென்று ஆசைக்கு இன்னொன்று வேண்டியிருந்தது. உரிமம் எடுத்து வீட்டு முன்னறையில் சொந்த நிலையம் வைத்திருந்தார். தந்திக் கந்தோர் கழித்துவிட்ட டெலிபிரிண்டர் ஒன்றை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, அதையும் செட்டோடு பொருத்தியிருந்தார். இங்கே தட்டுவது கடல்கடந்து எங்கோ ஒருவனுடைய கடதாசியில் எழுத்தாக விழும். அவன் தட்டுவது இங்கே விழும். அப்படிப்பட்ட ஆட்களுக்கென்று நடக்கும் உலகப் போட்டி அடுத்த நாள் தொடங்க இருந்தது. எத்தனை பேரை மறித்துப் பதில் வாங்குகிறோமோ அத்தனை புள்ளி. போன வருடம் அவருக்கு விழுந்ததில் பாதி குப்பை எழுத்து. பிழை மெஷினில் இல்லை, ஃபில்டரில் என்று அவர் கண்டுபிடித்தபோது போட்டி முடிந்திருந்தது.

ஃபில்டர் என்பது ரேடியோவுக்கு அரிதட்டு மாதிரி. கண் பெரிதானால் நாலைந்து நிலையம் ஒன்றாக விழுந்து எழுத்தெல்லாம் கூழாகிவிடும். கண் ஒடுங்க ஒடுங்க மற்றவர்கள் கழிந்துபோய் ஒருவன் மட்டும் நிற்பான். செட்டோடு வந்த அகல ஃபில்டர் ஒன்று, நடுத்தரம் ஒன்று, இவை போக, கப்பலில் ரேடியோ ஆபிசராக ஓடும் குருநகர் அடைக்கலநாதன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மிக ஒடுக்கமானது ஒன்று. மூன்றில் எதைப் போட்டிக்கு வைப்பது என்று பார்க்கத்தான் அன்று பொழுது சாயும் நேரம் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"சோமண்ணை, இதைப் போட்டா தூரத்திலை நிக்கிறவன் காதுக்குள்ளை வந்து கதைப்பான்," என்று சொல்லித்தான் அடைக்கலநாதன் அதைக் கொடுத்திருந்தான். "ஆனா பக்கத்திலை வாறவனைத் தெரியாது. அது ஒண்டைக் கவனியுங்கோ."

முன்னறையில் சூடேறிய வால்வுகளின் மணமும் மெஷின் எண்ணெயின் மணமும் கலந்திருந்தன. யன்னலால், வேலிக்கு அப்பால் உலர்த்தப் போட்டிருந்த புகையிலையின் நெடி வந்தது. அதே யன்னலால்தான் எர்த் வயரும் வெளியே போனது. சுண்ணாம்புக் கல் மண்ணில் எர்த் சரியாகப் பிடிக்காது என்று, அவர் ஒரு தடித்த செப்புக் கம்பியை வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் வரை இழுத்து, அங்கே பாவனையில்லாமல் கிடந்த பழங்கிணற்றுக்குள் இறக்கிவிட்டிருந்தார். தண்ணீர் உவராகிப்போனதால் மூடிவிட்டோம் என்று வீடு விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் உவர்க் கிணற்றுக்கு எதற்கு அவ்வளவு மொத்தப் பனம்பலகை என்று அவர் கேட்கவில்லை. ஒரு பலகையை நெம்பி, கம்பியை உள்ளே விட்டு, மறுபடியும் மூடினார். கம்பி நினைத்ததைவிட ஆழமாகப் போனது.

"கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையா முடியாட்டிச் சரி," என்று அப்போது பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி இராசமலர் சிரித்தாள்.

"கிணறு நான் வெட்டேல்லையே. கம்பிதானே விட்டனான்," என்றார் அவர்.

இராசமலருக்கு இப்படிச் சில நம்பிக்கைகள் இருந்தன. செக்கல் பட்டு இருளத் தொடங்கிய பிறகு யார் கூப்பிட்டாலும் முதற் தரத்துக்கு ஓம் சொல்ல மாட்டாள், இரண்டாந் தரத்துக்கும் சொல்ல மாட்டாள். மூன்றாந் தரம் கூப்பிட்டால்தான் மனுசர். மற்றதுகளுக்கு மூன்று தரம் கூப்பிட ஏலாதாம். ஒரு தேத்தண்ணீருக்குத் தொண்டை வற்றக் கத்த வேண்டியிருக்கிறதே என்று அவர் பகிடி பண்ணுவார். கலியாணம் முடித்துப் பதினொரு வருடமாகப் பிள்ளையில்லாத அந்த வீட்டில், அவள் ஒருத்திதான் அவருக்கு எல்லாம். அந்த மூன்று தரக் கத்தலும் உள்ளூர அவருக்குப் பிடித்த ஒரு விளையாட்டாகவே ஆகியிருந்தது.

அவருடைய தொழிற்பழக்கமோ நேர்மாறு. போட்டிக்காரனுக்கு ஆறின கஞ்சி பழங்கஞ்சி. தன் நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறி கடதாசியில் விழுந்தால், அதற்கு அடுத்த எழுத்து விழுமுன் கை சுவிட்சுக்குப் போய்விட வேண்டும். பதில் முழுவதையும் முன்கூட்டியே காகித நாடாவில் துளைபோட்டு வைத்திருந்தார். பெயர், ஊர், வரிசை எண், கடைசியில் "நன்றி, அடுத்தது யார்?" சுவிட்சைத் தட்டினால் நாடா ஓடிப் பதில் தானாகப் போகும்.

அகல ஃபில்டரில் அந்த இடம்மாறாத ஒலி இரைச்சலுக்குள் அமுங்கிக் கிடந்தது. நடுத்தரத்துக்கு மாற்றினார். கொஞ்சம் மேலே வந்தது. ஒடுக்கமானதைப் போட்டதும் இரைச்சல், இடிமுழக்கம், இத்தாலிக்காரன், ரஷ்யாக்காரன் எல்லோரும் கதவடைத்ததுபோல் அற்றுப்போக, அது மட்டும் நின்றது. ஒடுக்க ஃபில்டருக்குள் வெறும் இரைச்சலே பாட்டுப்போல ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதுதான் இது என்று சொல்லிக்கொண்டார். பார்ப்போமே என்று டெலிபிரிண்டரை ஓடவிட்டார்.

மெஷின் தடதடத்தது. குப்பை எழுத்து. குப்பை. குப்பை. பிறகு, குப்பைக்கு நடுவில், அவருடைய அழைப்புக்குறி.

கை சுவிட்சைத் தட்டிவிட்டது. நாடா ஓடி முடிந்தது.

பிறகு மறுமொழி வந்தது. அவர் அனுப்பியதே திரும்பி வந்தது, எழுத்துக்கு எழுத்து, ஆனால் பிழைகளோடு, எழுதப் பழகுகிற பிள்ளை பார்த்து எழுதியதுபோல. ஊர்ப்பெயரில் இரண்டெழுத்து இடம் மாறியிருந்தது. வரி முடிந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து வந்தது. இந்தமுறை ஒரே ஒரு பிழை. மறுபடியும். பிழையே இல்லை.

யாரோ ஏய்த்துப் பேய்க்காட்டுகிறான் என்று நினைத்தார். பக்கத்தூரில் எவனாவது செட்டொன்று கட்டியிருக்கலாம். அவர் முறுவலித்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் தனியாக ஒரு சொல்லை அடித்தது. சோமா. ஆங்கில எழுத்தில், நாடாவிலிருந்த அவருடைய பெயர். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சோமா. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

தோளில் கை பட்டது. துடித்துப்போய் ஹெட்போனைக் கழற்றினார். இராசமலர். கையெல்லாம் பிட்டு மா.

"கோடிக்குள்ளை ஏன் போனனீங்கள்?"

"ஆர்?"

"நீங்கள்தான். பழங்கிணத்தடியிலை நிண்டு கூப்பிட்டனீங்கள். ஒருக்காத்தான் கூப்பிட்டியள், அதாலை நான் வரேல்லை. பிறகு சத்தத்தைக் காணேல்லை."

"நான் கதிரையாலை எழும்பேல்லையப்பா."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பகிடியா என்று தேடினாள்.

"எண்டாச் சரி," என்றாள் கடைசியில். "அடுப்பிலை பிட்டு அவியிற நீத்துப்பெட்டி கிடக்கு. கெதியா முடிச்சுக்கொண்டு வாங்கோ."

அவள் குசினிக்குப் போனாள். அவள் தொட்ட இடத்தில் சட்டையில் மா ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட அவருக்கு மனம் வரவில்லை. போகாதே, இங்கேயே இரு என்று சொல்லியிருக்கலாம். நாற்பத்து நாலு வயது மனிதன், கரண்ட்டைக் கையால் பிடித்து வேலை செய்கிறவன், எதற்குப் பயந்தேன் என்று சொல்வான்? வெட்கம் அவருடைய வாயை மூடியது.

ஹெட்போனை மறுபடி மாட்டினார். ஒலி முன்னையைவிடத் தடித்திருந்தது. பலத்தைக் காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறி நின்றது.

ஏரியலைப் பிடுங்கினார்.

ஏரியல் இல்லாத ரேடியோ செவிடு. முள் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஒரு கோடு மேலே போனது. அகல ஃபில்டருக்கு மாற்றிப் பார்த்தார்; இப்போது அகலத்திலும் அது தெளிவாகக் கேட்டது. ஃபில்டர் எதுவென்பது இனிப் பொருட்டில்லை. தூரத்தில் இருப்பதை வடிக்கத்தான் ஃபில்டர் வேண்டும். பக்கத்தில் இருப்பதற்கு வேண்டாம்.

முள் இன்னும் ஒரு கோடு ஏறியது. நின்றது. இன்னும் ஒன்று. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி, கிணற்றுப் படிக்கல்லில் காலை வைத்து, இளைப்பாறி, அடுத்த கல்லைத் தேடுகிறதுபோல.

அப்போதுதான் அவர் யன்னலைப் பார்த்தார். எர்த் வயர்.

செட்டின் பின்பக்கம் கையை விட்டு, திருகைக் கழற்றி, கம்பியை இழுத்தெடுத்தார். ஒலி அறுந்தது. முள் விழுந்தது. மெஷின் ஒருமுறை தடக் என்று அடித்துவிட்டு ஓய்ந்தது. அறை முழுவதும் அமைதி. அந்த அமைதியில் அவருக்கு விளங்கியது. அது வானத்திலிருந்து வரவில்லை. கம்பிவழி வந்தது. அதன் முதற் கூப்பிடலுக்கே அவர் ஓம் சொல்லிவிட்டிருந்தார். பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, அடுத்தது யார் என்றும் கேட்டிருந்தார். அது வேறு யாரையும் அறியாது. இந்த வளவில் அவரை விட்டால் இருப்பது ஒருத்திதான்.

கையிலிருந்த கம்பி அசைந்தது.

மெதுவான ஓர் இழுப்பு. விட்டது. மீண்டும் இழுத்தது. தூண்டிலில் மீன் தட்டிப் பார்ப்பதுபோல.

"மலர்!"

பதில் இல்லை. இருக்காது. முதற் தரம். அவர் கம்பியை விட்டுவிட்டு எழுந்தார். கதிரை சாய்ந்தது. ஹெட்போன் வயர் கழுத்தில் இழுத்தது. பிய்த்தெறிந்தார்.

"மலர்! வெளியாலை போகாதை!"

குசினிப் பக்கம் நீத்துப்பெட்டியின் ஆவிச் சத்தம். அவள் காத்துக்கொண்டிருப்பாள். மாக் கையோடு, தலையைச் சரித்து, மூன்றாவதை எண்ணிக்கொண்டு. இரண்டு ஆயிற்று. இன்னும் ஒன்று. மூச்சை இழுத்தார்.

"மலர்."

அவருடைய குரல். அவருடைய வாய் திறக்கவில்லை. கோடிப்புறத்திலிருந்து வந்தது, ஆறுதலாக, தேத்தண்ணீர் கேட்கிற அதே குரலில்.

"ஓம், வாறன்," என்றாள் இராசமலர்.

குசினிக்கு ஓடினார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பிட்டு வெந்த மணம். பின்கதவு திறந்திருந்தது. "மலர், மலர், மலர்" என்று கத்தினார், மூன்றல்ல, முப்பது தரம். வளவுக்குள் இருட்டிவிட்டிருந்தது. வேலியோரம் புகையிலை நெடி. அதற்கு மேலால் உவர்த் தண்ணீரின் மணம், புதிதாக அள்ளி ஊற்றியதுபோல.

பனம்பலகைகள் கிணற்றடியில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக. மேற்பலகையில் மா பட்ட ஐந்து விரல்.

கீழே ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. காலடியில் எர்த் வயர் மண்ணில் ஊர்ந்துகொண்டிருந்தது. முன்னறை யன்னலிலிருந்து கிணற்றுக்குள், கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதுபோல, அவசரமில்லாமல். அவர் குனிந்து அதைப் பிடித்தார். நின்றது.

"இஞ்சாருங்கோ."

அவளுடைய குரல், அவரை அவள் எப்போதும் கூப்பிடுகிற சொல். கிணற்றுக்குள்ளிருந்து. நோவில்லாத, பயமில்லாத குரல். அவளாக இருக்கலாம். விழுந்து, உயிரோடு, படிக்கல்லைப் பிடித்தபடி நிற்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ."

இரண்டு. அவர் காத்திருந்தார். வாழ்நாளில் ஒரு கூப்பிடலுக்கும் அவர் இப்படிக் காத்திருந்ததில்லை. மூன்றாவது வந்தால் அவள். வராவிட்டால் அவளில்லை. அவளுடைய கணக்கு அதுதான். பிறகு, சற்று முன் மூன்றாவதாகக் கேட்ட தன் குரல் நினைவுக்கு வந்தது.

"இஞ்சாருங்கோ."

கம்பி அவருடைய கைக்குள் அசையாமல் கிடந்தது. மறுமுனையில் யாரோ அதைப் பிடித்தபடி, பதிலுக்குக் காத்திருந்தார்கள்.