கடல் எந்தப் பக்கம்?

ஈப்போவிலிருந்து வழி நெடுக வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த தர்மேந்திரன், ஹோட்டல் வாசலில் காரை நிறுத்தியதும் ஊமையாகிப் போனான். இஞ்சினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையையும் எடுக்கவில்லை.

"இந்த இடமா? பேரு வேறயால்ல சொன்ன?"

"புது மொதலாளி வாங்கிப் பேர மாத்திட்டாங்களாம். ஏன், முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள் ஷர்மினி.

"இல்ல இல்ல. சும்மா கேட்டேன்லா."

பொய் சொல்லும்போது அவன் மூக்கைத் தடவிக்கொள்வான். கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் ஷர்மினி அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இருந்தாலும் வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று பெட்டியை இறக்கினாள். அவள் வேலை பார்க்கும் கிளினிக்கின் வருஷாந்திர விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கலில் விழுந்த அறை இது. பிறந்ததிலிருந்து அவளுக்குக் குலுக்கலில் ஒரு குடைகூட விழுந்ததில்லை. ஓசி அறையை விட்டுத் திரும்பிப் போகிற ஆளும் இல்லை தர்மேந்திரன்.

ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலம் அது. கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் வெட்டாமல் விட்ட பால்மரங்கள் சில, பழைய கத்தித் தழும்புகளோடு நின்றன. நடுவில் நீலமாக ஒரு நீச்சல் குளம். லுமுட் கடற்கரை காரில் பத்து நிமிஷம். இங்கிருந்து கடல் தெரியாது. காற்று திரும்பினால் வாசனை மட்டும் வரும்.

கடலென்றால் ஷர்மினிக்கு உயிர். அறைக்குள் போனதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கடலுக்குப் போலாமா?"

"கடல்ல என்னா இருக்கு? மண்ணு ஒட்டும், உப்பு அரிக்கும், ஜெல்லிமீனு கொட்டும். இங்கயே சுத்தமான பூல் இருக்கு. ரெண்டும் தண்ணிதானே? எதுக்கு சுசா, வீண் சிரமம்?"

மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல வந்தது அந்தப் பேச்சு. இதை இவன் பல தடவை, வேறு யாரிடமோ சொல்லிப் பழகியிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வேறு யாரோ யாரென்றும் தெரியும். வீட்டு ஹாலில் பச்சைப் புடவையில் சிரித்தபடி மாலையோடு தொங்கும் நவமணி. தர்மேந்திரனின் முதல் மனைவி. பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

பெண் பார்க்க வந்த அன்று தர்மேந்திரன் கண் கலங்கிச் சொன்னான். "சாவுறவரைக்கும் அவ கடலப் பாத்ததே இல்ல. செத்தாலாச்சும் கடல்ல கொண்டுபோயி விடுங்கன்னு கைய புடிச்சுக் கேட்டா. லுமுட் வரைக்கும் போயி, இடுப்பளவு தண்ணியில நின்னு கரைச்சிட்டு வந்தேன்."

செத்தவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவன் உயிரோடு இருப்பவளை நன்றாக வைத்துக்கொள்வான் என்று ஷர்மினி நம்பினாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

"நீ போயி பூல்ல குளி," என்று சொல்லிவிட்டுத் தர்மேந்திரன் குளம் தெரியும் ஜன்னலின் திரையை இழுத்து மூடினான்.

மத்தியான வெயில். குளத்தில் ஒருவரும் இல்லை. வெயிலில் காய்ந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்று நினைத்து இறங்கினாள். பனிக்கட்டிபோலச் சில்லிட்டது.

மூழ்கி நீந்தினாள். நடுக்குளத்துக்கு வந்தபோது வாயில் உப்புக் கரித்தது.

குளோரின் வாடை இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு வாடை, தண்ணீருக்கடியில் எப்படியோ மூக்கில் ஏறியது. எரிந்து அணைந்த கற்பூரம், நனைந்த சாம்பல். காலை ஊன்றினாள். வழுவழுப்பான ஓடு தட்டுப்படவில்லை. மாவுபோல ஏதோ விரல்களுக்கிடையே பிதுங்கியது.

அவள் கணுக்காலைச் சுற்றி ஐந்து விரல்கள் இறுகின.

காதோரத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பெண் கேட்டாள்.

"கடல் எந்தப் பக்கம்?"

அதில் அழுகை இல்லை. கெஞ்சல் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்து, இனி கேட்கப்போவதில்லை என்கிற ஆத்திரம் இருந்தது. ஷர்மினி தரையைப் பிராண்டி, உதைத்து, எப்படியோ மேலே வந்து விளிம்பைப் பிடித்தாள். திரும்பிப் பார்த்தபோது குளம் பளிங்குபோலத் தெளிந்து கிடந்தது. அடியில் நீல ஓடுகள் மட்டும்.

ஆனால் அவள் மூடிய கைக்குள் ஏதோ இருந்தது.

அறைக்கு ஓடிப்போய் தர்மேந்திரன் முன்னால் கையை விரித்தாள். சாம்பல். நடுவில் நகத்தளவு வெள்ளை எலும்பு. அவன் அதைப் பார்த்தான். என்ன இது என்று கேட்கவே இல்லை. கட்டிலில் அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"இது யாருன்னு உங்களுக்குத் தெரியுதுல்ல?" என்றாள் ஷர்மினி.

"அன்னைக்கு ஒரே மழை, ஷர்மி. இங்கதான் ரூம் எடுத்திருந்தேன். கடலுக்குப் போகணும்னா திரும்ப கார எடுக்கணும். ரெண்டு பீர் வேற குடிச்சிருந்தேன்."

"அதனால?"

"ரெண்டும் தண்ணிதானேன்னு..." மூக்கைத் தடவாமல் சொன்னான். "மழையில பூல் பக்கம் யாரும் இல்ல. அஸ்திச் சட்டிய கவுத்துட்டு வந்துட்டேன். எவனாச்சும் பாத்துட்டானான்னு ஒருவாட்டி திரும்பிப் பாத்தேன்."

அஸ்தி கரைத்தவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சேதி அது. பார்த்தால் போகிற உயிர் போகாமல் நின்றுவிடும் என்பார்கள். ஓடாத தண்ணீரில், சுத்தம் செய்யும் குழாய் வழியாகப் போய்ப் போய்த் திரும்பி வரும் அதே தண்ணீரில் அவளை விட்டுவிட்டு, திரும்பியும் பார்த்திருக்கிறான். ஷர்மினிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பயம்கூட அந்தக் கோபத்துக்குப் பிறகுதான் வந்தது. நாளைக்கு நான் செத்தால் இவன் என்னை எந்தச் சாக்கடையில் கொட்டுவான்?

அறையில் இருந்த காப்பிக் கோப்பையில் சாம்பலை வழித்துப் போட்டாள். சாம்பல் ஈரமாகவே இருந்தது.

"எந்திரிங்க. இப்பவே போறோம்."

லுமுட் பக்கத்துத் தெலுக் பாத்திக் கடற்கரையில் அன்று கூட்டம் இல்லை. வானம் கறுத்துக் கிடந்தாலும் அலை அடிக்கவில்லை. தர்மேந்திரன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முழங்காலளவு இறங்கி நின்றான்.

"போதும்லா ஷர்மி. இங்கயே கொட்டிடுறேன். அவளுக்கு என்னா தெரியப் போவுது?"

அந்தச் சொல்லை ஷர்மினி கேட்டாள். கேட்டது அவள் மட்டுமல்ல போலிருக்கிறது. கடற்கரை மரங்களில் கத்திக்கொண்டிருந்த காகங்கள் சட்டென்று அடங்கின.

"இடுப்பளவு போங்க. கொட்டிட்டுத் திரும்பிப் பாக்காம வாங்க," என்றாள்.

முணுமுணுத்துக்கொண்டே போனான். கோப்பையைக் கவிழ்த்தான். ஒரு கைச் சாம்பல்தான். அது விழுந்த இடத்தில் தண்ணீர் வெகுதூரத்துக்குச் சாம்பல் பூத்தது. அவன் கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

நடந்தான்.

நடந்துகொண்டே இருந்தான். தண்ணீர் அவன் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

அவனுக்குப் பின்னால் ஒருத்தி நின்றாள். பச்சைப் புடவை. தண்ணீரில் நின்றும் புடவை நனையவில்லை. அவள் தர்மேந்திரனைப் பார்க்கவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து கேட்ட ஒன்றை முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறவள் அப்படித்தான் நிற்பாள். 

"ஷர்மி," தர்மேந்திரன் கிசுகிசுத்தான். அவ்வளவு தூரத்திலிருந்தும் அது தெளிவாகக் கேட்டது. "பின்னால யாரோ நிக்கிறாப்ல இருக்கு. யாரு?"

யாரும் இல்ல, நேரா என்னயப் பாத்துக்கிட்டே வாங்க. இவ்வளவு சொன்னால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான். ஷர்மினி சொல்ல வாயெடுத்தாள்.

அவளுக்கு என்னா தெரியப் போவுது.

வாயை மூடிக்கொண்டாள்.

அவன் திரும்பினான். அவன் திரும்பிய அதே நொடியில் நவமணியும் திரும்பினாள். அந்த முகத்தில் படத்தில் இருந்த சிரிப்பு இல்லை.

அலறல் எதுவும் கேட்கவில்லை. அலைகூட எழவில்லை. கழுவித் துடைத்ததுபோல வெள்ளையாக ஒரு காப்பிக் கோப்பை மட்டும் உருண்டு வந்து ஷர்மினியின் காலடியில் நின்றது.

படகுகள் வந்தன. முக்குளிப்பவர்கள் வந்தார்கள். பங்கோர் தீவு வரைக்கும் தேடினார்கள். இவ்வளவு அமைதியான கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு ஆள் எப்படிக் காணாமல் போவான் என்று போலீஸ்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். தெரியாது என்றாள். தேடுதலை நிறுத்திவிட்டோம் என்று அவர் சொன்ன அன்று அழுதாள். நிஜமாகவே அழுதாள். யாருக்காக என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஹோட்டல் அறையைக் காலி செய்து, பெட்டியை இழுத்துக்கொண்டு குளத்தோரமாக வந்தாள். தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் குளத்தில் இருந்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. தகப்பன் பிள்ளைகளுக்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார். மூழ்கி விளையாடிய சின்னப் பெண் ஒருத்தி ஷர்மினியின் காலடியில் எழுந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உதட்டை நக்கி முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, தண்ணி உப்பா இருக்கு."

"சும்மா குடிக்காதடி."

"அம்மா, அடியில ஒரு அங்கிள் படுத்திருக்காரு."

ஷர்மினி நின்றாள்.

"கடல் எந்தப் பக்கம்னு கேக்குறாரு. அழுவுறாரு, அம்மா."

குளத்து ஓடுகளை யாரோ அடியிலிருந்து உள்ளங்கையால் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு நிற்காமல்.

ஷர்மினி பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். கார் வரைக்கும் அந்தச் சத்தம் பின்னாலேயே வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.