பேசும் தலை மேசை

மேசைக்கு அடியில் தண்ணீர் நின்றது. மூன்று மாதமாக மழையே இல்லை. தக்ஷாயினி குனிந்து, விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். வாவிச் சேற்றின் வாடை. அதோடு கலந்து மலிவான முகப்பவுடரின் வாசனை.

வாவிக்கரையில் இருந்த அந்தச் சிறிய நூதனசாலைக்கு அவள்தான் பொறுப்பாளர். ஊர்ச்சனம் எதைப் பார்த்துச் சிரித்தது, எதற்குக் கைதட்டியது என்று ஆறு வருடம் ஆராய்ந்து அவள் அமைத்த கண்காட்சி அன்று பின்னேரம் நான்கு மணிக்குத் திறக்கவிருந்தது. கூத்தர் தலையில் அணியும் முடிகளுக்கும் தகர பயாஸ்கோப் பெட்டிக்கும் நடுவில் பழைய கார்னிவல்காரர் நல்லரத்தினம் கொடுத்த மேசை. மேலே கழுத்தளவு துளை, கால்களுக்கிடையே உடலை மறைக்கும் கண்ணாடி. உள்ளே இருக்கும் பெண்ணின் தலை மட்டும் மேசைமேல் தெரியும். தலை அசையாதபடி கழுத்துப் பலகையை வெளியே பூட்டிவிடுவார்கள். சனம் கேட்கும், தலை பதில் சொல்லும்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் வாவி பெருகிக் கூடாரத்துக்குள் வந்தபோது தலையாக நடித்த சின்னத்தங்கம் அந்தப் பூட்டுக்குள் இருந்தாள். பதினேழு வயது. தக்ஷாயினி எடுத்த ஒலிப்பதிவில் நல்லரத்தினமே சொன்னார்: "பூட்டுத் திறப்பு என்ர மடியிலதான் கிடந்திச்சி. நான் ஓடித்தன் புள்ள."

மறுநாள் வந்து, அந்தப் பதிவை அழிக்காவிட்டால் மேசையைத் திருப்பித் தரச் சொன்னார். தக்ஷாயினி அழித்தாள். 'நடித்தவர் பெயர் தெரியவில்லை' என்று அட்டையில் தன் கையாலேயே எழுதினாள்.

திறப்புவிழா நாளில் மூன்றரைக்கு நல்லரத்தினம் வெள்ளை வேட்டியோடு வந்தார். வந்து மேசையருகே நின்றதும் வெயில் மங்கியது. மின்விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. வாவிப் பக்கத்து யன்னல்கள் ஒவ்வொன்றாகத் தாமே சாத்திக்கொண்டன.

"உள்ளுக்கு ஆர் புள்ள இரிக்கா?"

"ஒருத்தரும் இல்ல ஐயா."

"மூச்சு விர்ற சத்தம் கேக்குது."

அவளுக்கும் கேட்டது. நீருக்குள் வாய் திறந்து விடும் மூச்சு. குமிழி குமிழியாக.

டோர்ச் லைட் எடுக்க அறைக்குள் ஓடினாள். அரை நிமிடம்கூட இராது. திரும்பியபோது அவர் நின்ற இடத்தில் செருப்பு மட்டும் கிடந்தது.

கண்ணாடியில் வெறும் தரை. மேசைமேல் தலை. நல்லரத்தினத்தின் தலை. கண் பிதுங்கி. உயிரோடு.

"திற புள்ள. தண்ணி ஏறுது."

திறப்பு பூட்டிலேயே தொங்கியது. அவள் முழந்தாளிட்டுத் திருப்பப் போனாள். பலகை இடுக்கால் ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சின்னக் கை. ஊறி வெளுத்த தோல்.

"நீங்களும் இருங்க அக்கா."

உள்ளேயிருந்து வந்த குரலில் கோபமே இல்லை. பிடி இறுகியது. எலும்பு நெரிந்தது. கத்த வாய் திறந்தாள். சேற்றுத் தண்ணீர்தான் வந்தது.

நான்கு மணிக்கு வாசல் கதவு திறந்தது. விருந்தினர் உள்ளே வந்தார்கள். மேசைமேல் தலை, அருகே முழந்தாளிட்ட பெண். சிரித்தார்கள். யாரோ நல்ல வித்தை என்றார்கள்.

தலையின் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. கண்கள் ஒவ்வொரு முகமாகக் கெஞ்சின.

கைதட்டல் நிற்கவே இல்லை.