தீர்க்காயுசு

மாமாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. இலங்கையை விட்டுக் கப்பலேறி இந்தியாவுக்குப் போன பிறகு அவர் எழுதிய முதல் கடிதம்.

அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"வாசி நல்லம்மா. மெதுவா வாசி."

தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நல்லம்மா ஐந்தாம் வகுப்புப் படித்தாள். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மாமா நலம். அத்தை நலம். அங்கே வெயில் அதிகம். கடைசி வரிக்கு வந்ததும் நல்லம்மா நின்றுவிட்டாள்.

'மருமகனுக்குத் தீர்க்காயுசு உண்டாகட்டும்.'

ஆயுசு என்றால் உயிரோடு இருக்கும் காலம். அது அவளுக்குத் தெரியும். தீர்க்க? காலையில்தான் அம்மா, "கூப்பன் அரிசி தீர்ந்துபோச்சு" என்றாள். தீர்ந்தால் மிச்சம் எதுவும் இருக்காது.

தம்பியின் ஆயுசு தீரட்டும் என்றா மாமா எழுதியிருக்கிறார்?

எழுதக்கூடியவர்தான். "நீங்களும் வாங்க" என்று அவர் கூப்பிட்டபோது அம்மா மாட்டேன் என்றாள். அந்தக் கோபத்தில் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை பேசாமல் ரயிலேறினார்.

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதாம்மா."

"புள்ளைக்கு ஒரு வார்த்தை எழுதலையா?"

"இல்லம்மா."

அம்மா தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "அண்ணனுக்கு இன்னும் கோவம் போகல. பதில் எழுத வேணாம், விடு" என்றாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நல்லம்மா கடிதத்தைப் பள்ளிக்கூடக் கொப்பியின் தாள்களுக்குள் ஒளித்துவைத்தாள். பள்ளிக்கூடம் போகும்முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, தம்பியின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. நாலாம் நாள் அவன் அந்த விரலைப் பிடித்துச் சப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெரியாயி அக்காவுக்குக் கல்யாணம். அக்கா கங்காணியின் மனைவி காலில் விழுந்தாள்.

"தீர்க்க சுமங்கலியா இரு ஆத்தா."

நல்லம்மா திடுக்கிட்டாள். சண்டை வரப்போகிறது என்று நினைத்தாள். ஆனால் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். இதில் ஏதோ பிழை இருக்கிறது. மாமாவிடமா, தன்னிடமா?

கூட்டம் குறைந்ததும் அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, கங்காணி வீட்டம்மா உங்களைத் திட்டினாங்களே, கோவம் வரலையா?"

"திட்டினாங்களா? எப்படி?"

"எல்லாம் தீரட்டும்னு."

"அடி மண்டு! தீர்க்கம்னா நீளம்டி. புருசனோட ரொம்பக் காலம் நல்லா இருன்னு சொன்னாங்க."

"அப்ப தீர்க்காயுசுன்னா?"

"நீண்ட ஆயுசு. ஏன் கேக்குற? ஏய், சாப்பிடாம எங்கடி ஓடுற?"

நல்லம்மா அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

அம்மா தம்பிக்கு ஏணை ஆட்டிக்கொண்டிருந்தாள். நல்லம்மா கொப்பியிலிருந்து கடிதத்தை எடுத்து, மூச்சு வாங்க வாங்கக் கடைசி வரியை வாசித்தாள்.

அம்மாவின் கை நின்றது.

"அண்ணன் எழுதினதா? அன்னைக்கு ஏன்டி இதை வாசிக்கல?"

நல்லம்மா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அரிசியைப் பற்றியும் சொன்னாள்.

அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். தம்பி விழித்து அழ ஆரம்பித்தான். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா வாசி."

வாசித்தாள்.

"கொப்பியில ஒரு தாள் கிழி. பதில் எழுதணும்."

"என்னம்மா எழுத?"

"அண்ணனுக்கும் தீர்க்காயுசு உண்டாகட்டும்னு எழுது. அந்தச் சொல்லைப் பெருசா எழுது. யாரும் தாண்டிப் போயிடக் கூடாது."

நல்லம்மா எழுதினாள். அந்த ஒரு சொல்லுக்கே பாதி வரி போய்விட்டது.