மீன் பார்த்த பக்கம்

கிளைவின் விரல் மீன்தொட்டிக் கண்ணாடியில் பட்டதுமே ஓடி வந்து இறால் துண்டைப் பிடுங்கித் தின்னும் அந்த மஞ்சள் மீன், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. போட்ட இறால் போட்டபடியே அடியில் கிடந்து வெளுத்தது.

ஷெரோமிக்கு மீன் என்றால் குழம்பில் கிடப்பதுதான். ஆனால் இது கணவனின் செல்லம், அதுவும் அவனைக் கடல் திருப்பித் தந்த வாரம். கடையில் விற்கும் உப்பில் கிளைவுக்கு நம்பிக்கை கிடையாது. ஞாயிறுதோறும் ரெயில் பாதையைத் தாண்டி, வெள்ளவத்தைக் கரைப் பாறையில் இறங்கி, தொட்டிக்குப் பிளாஸ்டிக் கான்களில் கடல் தண்ணீர் அள்ளி வருவான். இந்த ஞாயிறு அலை அவனை இழுத்துப் போனதைக் கண்டவர்கள் ஓடி வந்து சொன்னார்கள். மகள் றஷ்மியை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் தெருவில் நின்று கதறினாள். இருட்டுகிற நேரம், கான்கள் நிறையத் தண்ணீரோடு அவனே நடந்து வந்தான். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு அவள் ஏற்றாத மெழுகுதிரி இல்லை. அவ்வளவு சந்தோசம்.

அன்றிலிருந்து அவன் வேலைக்குப் போகவில்லை. தொட்டிக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பயந்த மனுசன், மெல்லத் தெளிவான் என்று விட்டுவிட்டாள். கதிரையைச் சுற்றி எத்தனை தரம் துடைத்தும் நிலம் நசநசவென்றே இருந்தது, உப்பு வாடையும் அடித்தது. கடற்கரை வீட்டில் உப்பு வாடை ஒரு புதினமா?

மீன் கடை மர்ஸூக்குக்கு ஃபோன் எடுத்தாள். அவன் சொன்னபடி தண்ணீரின் உப்பு, சூடு, அமோனியா எல்லாம் அளந்தாள். எல்லாம் சரி. மீனின் உடம்பில் புள்ளி இல்லை, செட்டை கிழியவில்லை.

"அப்ப சீக்கில்ல மிஸ், பயம்," என்றான் மர்ஸூக். "பெரிய மீன் ஒண்டக் கண்டாத்தான் இப்பிடி ஒளிச்சிக்கிட்டு திங்காமக் கெடக்கும். தொட்டிக்கு வெளிய புதுசா எதயோ பாக்குது. ஒவ்வொரு பக்கமா பேப்பர் ஒட்டி மறச்சிப் பாருங்க."

சமையலறைப் பக்கம் ஒட்டினாள். ஜன்னல் பக்கமும் ஒட்டினாள். மீன் அசையவில்லை. மிச்சம் கிளைவ் இருந்த பக்கம்தான்.

"கொஞ்சம் மறைக்கிறன் கிளைவ்," என்று சிரிக்கப் பார்த்தாள். ஒட்டிவிட்டு ஒரு துண்டு இறால் போட்டாள்.

மீன் பாய்ந்து வந்தது. விழுங்கியது. இன்னொன்றையும் விழுங்கியது.

ஷெரோமி தொட்டி மோட்டரை நிறுத்தினாள். கதிரைப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

"சாப்பிட்டிச்சா?" கிளைவின் குரல்.

"ஓம்."

"பிள்ள?"

றஷ்மியும் ஞாயிறிலிருந்து சாப்பிடவில்லை. மேசையில் அப்பாவுக்கு எதிரே இருந்து, வாயை இறுக்கிக்கொண்டு, சோற்றை அளைந்துவிட்டு எழும்பிவிடும். வயிற்றுக் கோளாறு என்று டொக்டரிடம் மருந்து வாங்கிக் கொடுத்தவள் இவள்தான்.

அறைக்கு ஓடினாள். கதவைப் பூட்டினாள். கட்டிலில் பிள்ளை இல்லை. கட்டிலுக்குக் கீழேயும் இல்லை.

அலுமாரியைத் திறந்தாள். தொங்கும் சேலைகளுக்குள், சோற்றுச் சட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு, றஷ்மி அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். கறி இல்லை. வெறும் சோறு. மெல்லாமலே விழுங்கினாள்.

"மகள்—"

சோறு ஒட்டிய சின்னக் கை ஷெரோமியின் வாயைப் பொத்தியது.

வெளியே ஈரக் கால்கள். மெதுவாக. தரை ஓடு ஒவ்வொன்றாக. கதவடியில் நின்றன.

றஷ்மி கையை எடுக்கவில்லை. இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். கதவுக்குக் கீழால் கடல் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.