குமிழிகள் உறைந்த ஏரி

"நிறுத்துங்க! முதல்ல அந்த ரம்பத்தை நிறுத்துங்க!"

குன்னெய் ஓடினாள். நவம்பர் மாதத்து உறைந்த ஏரியின் மேல் ஓடக் கூடாது என்று உறைபனி தேசமான யாகூத்தியாவில் தவழும் பிள்ளைக்குக்கூடத் தெரியும்... ஆனாலும் ஓடினாள். இரண்டு முறை வழுக்கி, மூன்றாம் முறை நேராக ஒரு தடித்த கம்பளிக் கோட்டின் மேல் போய் மோதி நின்றாள்.

கோட்டுக்குள் இருந்தவன் ரம்பத்தை அணைத்தான். இமை மயிரெல்லாம் வெள்ளையாக உறைபனி. நடுவில் இரண்டு கறுப்புக் கண்கள்... சிரிக்கும் கண்கள். அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"மெதுவா... ஐஸ் எங்கேயும் ஓடிப் போயிடாது."

"போயிடுச்சே! பனியைப் பெருக்கி, கொடி நட்டு வச்சிருந்தேனே... அந்த ஐஸ் எங்கே?"

அவன் பெருமையாகக் கை காட்டினான். அவள் பெருக்கி வைத்த இடத்தில் இப்போது கறுத்த தண்ணீர். பக்கத்தில் நாற்பத்தெட்டுக் கட்டிகள், நீல வெயிலில் மின்னிக்கொண்டு நின்றன.

"விடியறதுக்குள்ள ஆரம்பிச்சேன். எல்லாம் உங்களுக்குத்தான். குமிழி நிறைய... உருக்கி டீ போட்டா நல்லா இருக்காது. ஆனா கேட்டவங்களுக்கு இல்லேன்னு சொல்ல முடியுமா?"

"யார் கேட்டா?"

தூரத்தில் வேறு கட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த அவன் நண்பன் மிச்சில் சிரித்தபடி கத்தினான்: "எர்ச்சிம்! வசமா மாட்டிக்கிட்டியாடா?"

அந்தச் சிரிப்புதான் அவளை உசுப்பியது. "கை மட்டும் இருந்தா போதாது. கொஞ்சம் மூளையும் வேணும்!"

எர்ச்சிமின் கண்களில் சிரிப்பு அணைந்தது. ரம்பத்தை எடுத்துக்கொண்டு கரைப் பக்கம் நடந்தான்.

குன்னெய் கட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஏரிக்கடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உறைந்து கிடந்த மண் இப்போது இளகுகிறது. அதிலிருந்து கிளம்பும் வாயு குமிழியாக மேலேறி, உறையும் நீரில் சிக்கிக்கொள்கிறது. சிக்காதது வானத்துக்குப் போய் உலகத்தைச் சூடாக்குகிறது. எங்கே எத்தனை குமிழி என்று எண்ணத்தான் அவள் நகரத்திலிருந்து வந்திருந்தாள். நாளைக் காலை அவளைத் திரும்பக் கூட்டிப்போக வண்டி வந்துவிடும்; புதிதாக இன்னொரு இடம் பெருக்கி எண்ண நேரமில்லை. எண்ணிக்கை இல்லாமல் போனால் ஆய்வுப் பட்டியலிலிருந்து இந்த ஏரியை அடித்துவிடுவார்கள். பிறகு அவள் இங்கே வர வழியே இல்லை.

"சூடா குடிம்மா." தேநீர்க் குடுவையோடு ஒருத்தி நின்றாள். எர்ச்சிமின் அண்ணி மார்ஃபா. "எங்க ஊர்ல ஆம்பளை இல்லாத வீட்டுப் பொண்ணுங்க ஏரியில பெருக்கிக் கொடி நட்டா, யாராவது குடிதண்ணிக்கு ஐஸ் வெட்டிக் கொடுப்பாங்க. வாய் திறந்து கேக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் போனப்புறம் முதல் வருஷம் நானும் கொடி நட்டேன். அன்னைக்கு வந்தவன் இவன்தான். அண்ணனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை... ராத்திரி வரைக்கும் வெட்டினான். அதுலேர்ந்து எந்தக் கொடியைப் பார்த்தாலும் விடமாட்டான்."

குன்னெய் கரைப் பக்கம் போகும் அவன் முதுகையே பார்த்தாள்.

"உன் இடம் கெட்டுப்போச்சுன்னு ஏன் அழுவுற? முதல் கட்டி கரைப் பக்க மூலை. வரிசைக்கு ஆறு. எடுத்த வரிசையிலதான் நிறுத்துவான். அவன் அண்ணன் பழக்கம், மாத்தவே மாட்டான்."

குன்னெய் சட்டென்று திரும்பினாள். கட்டியின் பக்கவாட்டில் வெள்ளைக் குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக... தட்டுத் தட்டாக! மேலே இருப்பது முதல் வாரத்தில் உறைந்தது. கீழே இருப்பது நேற்று. மேலிருந்து குனிந்து பார்த்தபோது கண்ணில் படாத கதையெல்லாம் அறுத்த பக்கத்தில் எழுதியிருந்தது!

மறுபடியும் ஓடினாள். மறுபடியும் வழுக்கினாள்.

"எர்ச்சிம்! மன்னிச்சிடுங்க... மூளை எனக்குத்தான் இல்லை. கொஞ்சம் வாங்களேன். அண்ணி வரிசை சொன்னாங்க... ஆனா எந்தக் கட்டி எந்த இடம்னு நீங்கதான் சரியா சொல்ல முடியும்."

அவன் திரும்பவில்லை. "கைதானே இருக்கு எனக்கு?"

"அந்தக் கைதான் வேணும்."

சொன்ன பிறகுதான் அதன் கனம் புரிந்தது. குளிரில் ஏற்கெனவே சிவந்திருந்த கன்னம் இன்னும் சிவந்தது. அவன் மெல்லத் திரும்பினான்...

வெயில் சாய நான்கு மணி நேரம்தான் இருந்தது. அவன் இடம் சொன்னான், அவள் எண்ணி எழுதினாள். முப்பதாவது கட்டியில் ரொட்டி அளவுக்கு ஒரு குமிழி.

"இதுல என்ன இருக்குன்னு பார்க்கறீங்களா?" கத்தி முனையால் குத்தித் தீக்குச்சியைக் காட்டினாள். புஸ்! பனிக்கட்டியிலிருந்து நெருப்பு எகிறியது. அவன் மல்லாந்து விழுந்தான். குல்லாய் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

"அடக் கடவுளே! இதையா நாங்க டீயில போட்டுக் குடிக்கிறோம்?"

அவள் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற குதிரைகள் தலை தூக்கின. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் எழுந்திருக்கவே மறந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்பத்தெட்டாவது கட்டியை முடித்தபோது சூரியன் காட்டு மர உச்சியைத் தொட்டது.

"முடிஞ்சிடுச்சு!" அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இனி இந்த ஏரியை விடமாட்டாங்க. மே மாசம் ஐஸ் உடையறப்ப ஏரியில சிக்கின வாயுவெல்லாம் வெளியே வரும். அளக்க நான் வருவேன்."

"அளக்க மட்டும்தானா?"

கேட்டுவிட்டு அவன் தன் கையுறையையே உற்றுப் பார்த்தான். மூச்சு வெண்புகையாக இருவருக்கும் நடுவில் கலந்து நின்றது.

"இல்லை..." என்றாள் கடைசியில். "அளக்கறதுன்னா வேற யாரையாவது அனுப்பலாம். நான் வர்றது உங்களைப் பார்க்க."

எர்ச்சிம் நிமிர்ந்தான். இமையில் இருந்த உறைபனி உருகிக் கன்னத்தில் வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

"மே வரைக்கும் என்னால தாங்க முடியாது, குன்னெய். இப்பவே சொல்லிடறேன்... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."