பதினான்காம் தட்டு

காலை எட்டு மணிக்கு விண்ணப்பக் கூடத்தில் நாற்பத்தெட்டு விஞ்ஞானிகளும் ஒரே நேரத்தில் உற்சாகமடைந்தார்கள். அடைந்தே ஆக வேண்டும். அது விதி.

ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் அரிசிமணி அளவில் ஒரு சில்லு இருந்தது. உற்சாகமானி என்று அதற்குப் பெயர். ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதுகிறவர் எழுதும்போது மனதார உற்சாகமாக இருக்கிறாரா என்று அளந்து, அந்த எண்ணையும் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பிவிடும். நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே போனால், நிதிக்குழுவின் மதிப்பீட்டு எந்திரம் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காது. முன்பெல்லாம் ‘பேருவகையுடன் விண்ணப்பிக்கிறேன்’ என்று கூசாமல் எழுதிவிட்டு ஆறிப்போன காப்பியைக் குடிக்கப் போய்விடலாம். 2063-இல் அது நடக்காது. பேருவகை கொண்டுதான் தீர வேண்டும்.

யாழ்மொழிக்கு அன்று அறுபத்து மூன்றுக்கு மேல் ஏறவில்லை. கண்ணை மூடி, மகள் இதழினி முதன்முதலாக எட்டு வைத்து நடந்து வந்ததை நினைத்துக்கொண்டாள். எழுபத்தொன்று. சட்டென்று இரண்டு வாக்கியங்களை எழுதி முடித்தாள். ஒரு காலத்தில் அந்த நினைவுக்கு எண்பத்தைந்து வரை ஏறும். விண்ணப்பம் விண்ணப்பமாகச் செலவழித்ததில் அதுவும் தேய்ந்துவிட்டது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருந்தது அந்த வாஷ்மியர் பல்கலைக்கழகம். கடல் மூன்று முறை உள்ளே வந்து போனதில் சுற்றியிருந்த வயல்கள் உப்புப் பூத்து, வெயிலடித்தால் கண் கூசும்படி வெளுத்துக் கிடந்தன. வேதாரண்யத்தில் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த யாழ்மொழிக்கு அந்த வெள்ளை புதிதல்ல. உப்பளத்து வரப்போரம் எடுத்த ஒரு பூஞ்சையைப் பார்லியின் வேரில் குடியேற்றினால், உப்பு நிலத்திலும் பார்லி விளையும் என்று அவள் நம்பினாள். நம்பிப் பதினேழு வருடமாயிற்று. அதற்குள் பதினோரு ஒப்பந்தங்கள். எதுவும் இரண்டரை வருடத்தைத் தாண்டியதில்லை. கணவன் ஆறாவது ஒப்பந்தத்தோடு பொறுமையிழந்து திருச்சிக்குத் திரும்பிவிட்டான்.

இப்போதைய ஒப்பந்தத்துக்கு இணைப்புப் பணி என்று பெயர். ஆய்வு செய்யக் கூடாது. அடுத்த நிதிக்கு விண்ணப்பம் மட்டும் எழுத வேண்டும். நிதி இல்லாதவர்களுக்கு ஆய்வகக் கதவு திறக்காது. செடிகளின் மேல் விளக்குகள் தானாக எரிந்து தானாக அணையும். மனிதர்கள் உள்ளே போனால்தான் வீண்செலவு என்று நிர்வாகம் கணக்குப் போட்டிருந்தது. தன் பூஞ்சையும் பார்லியும் இருந்த பதினான்காம் தட்டை அவள் கண்ணால் பார்த்து இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன.

ஒப்பந்தம் முடியப் பத்தொன்பது நாள் இருந்தது. முடிந்தால், உரியவர் இல்லாத ஆய்வுப்பொருள் என்று பதினான்காம் தட்டு எரியுலைக்குப் போய்விடும். இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியும் அன்றோடு முடியும். அவளுக்குப் பயமாக இருந்தது. எதற்கு அதிகம் பயப்படுகிறோம், விசாவுக்கா தட்டுக்கா என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது வந்த பதிலை அவள் மகளிடம் சொல்லமாட்டாள்.

ஆய்வகத்துக்குள் தினமும் போய்வந்த ஒரே ஆள் உருளை. ஆள் என்றா சொன்னேன்? தரை துடைக்கும் எந்திரம். தவிலைப் படுக்கப் போட்டது போன்ற உடம்பு, இரண்டு கைகள், எல்லாக் கதவுகளையும் திறக்கும் அனுமதி. ஊர்ப் பேச்சுக்கு ஏங்கிப்போன யாழ்மொழி அதன் மொழித் தெரிவைத் தமிழுக்கு மாற்றியிருந்தாள். அவள் மகளோடு பேசுவதைக் கேட்டுக் கேட்டு அதுவும் நாகப்பட்டினத்துக்காரர் மாதிரியே பேசப் பழகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன், ஆய்வகம் பூட்டப்பட்ட அன்று, அவள் மனமுடைந்து அதனிடம்தான் சொன்னாள்: “உருளை, அந்தப் பதினாலாம் தட்டுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்து. நீயாப் பாத்து ஏதாவது செய்யி.”

கையறுநிலையில் நாம் எல்லாரும் சொல்கிற பேச்சு இது. சொன்னவர் மறந்துவிடுவார். கேட்டவர் மனிதராயிருந்தால் அவரும் மறந்துவிடுவார்.

அன்று பதினொரு மணிக்குத் துறைத்தலைவர் மார்ட்டின் ஹால்ஃபோர்ட் அவளை அழைத்தார். நல்ல மனிதர். இருபது வருடத்துக்கு முன் நத்தைகளைப் பற்றி அருமையான ஆய்வு செய்தவர். இப்போது நத்தை ஒன்று எதிரே வந்தால் அடையாளம் தெரியுமா என்பது சந்தேகம்.

“வருந்துகிறேன், யாழ்,” என்றார். ழகரம் அவருக்கு யகரமாகத்தான் வந்தது. “உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். ‘முடிவு உறுதியாகத் தெரியாத ஆய்வு’ என்று எந்திரம் சொல்லியிருக்கிறது.”

“முடிவு தெரிந்தால் நான் எதற்கு ஆராய வேண்டும், மார்ட்டின்?”

“எனக்குப் புரிகிறது.” அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆனால் உங்கள் உற்சாகம் எழுபத்தொன்று. அது மிகவும் பாராட்டத்தக்கது என்று தனியாகக் குறித்திருக்கிறார்கள்.”

அவள் தாழ்வாரத்துக்கு வந்து சுவரில் சாய்ந்து அழுதாள். உருளை வந்து அவள் காலடியில் நின்றது.

“என்னக்கா? இந்தத் தடவையும் ஆவலையா?”

“ஆவலை. தட்டை எரிச்சுருவாங்க.”

“எரிச்சா எப்பிடிக்கா? இப்பதான கதிரு விட்டுருக்கு.”

யாழ்மொழி மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள். “எது கதிர் விட்டிருக்கு?”

உருளை தன் தூசித் தட்டை இழுத்துத் திறந்தது. பஞ்சு, காகிதத் துண்டு, தலைமுடிச் சுருள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பார்லிக் கதிர் கிடந்தது. மணிகள் பால்பிடித்து முற்றியிருந்தன.

“நீங்கதானக்கா நீயாப் பாத்து செய்யின்னீங்க. கடல்தண்ணிக் கொழாயிலேர்ந்து உப்பக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே வந்தேன். செத்தத எடுத்துக் குப்பையில போட்டேன். பொழைச்சத மறுபடி வெதைச்சேன். இது ஆறாவது தடவ. இப்ப முழுக் கடல்தண்ணி.”

அவள் கதிரை எடுத்து முகர்ந்தாள். பதினேழு வருடம் அவள் மனத்துக்குள் மட்டுமே விளைந்த கதிர் இது. அதோடு அப்படியே மார்ட்டினின் அறைக்கு ஓடினாள். முடிவு தெரியவில்லை என்றுதானே நிராகரித்தார்கள்? இதோ முடிவு.

மார்ட்டின் கதிரைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஒரு நிமிடம் அவர் முகத்தில் பழைய நத்தைக்காரர் தலைநீட்டினார். பிறகு அவர் கணினியில் விதிகளைப் பார்க்கத் தொடங்கினார். அந்தத் துறையில் எந்த நல்ல காரியமும் கெட்டுப்போவது அந்த இடத்தில்தான்.

ஆய்வகக் கதவின் பதிவில் யாழ்மொழியின் பெயர் இல்லை. அவளுடைய சில்லின் பதிவில், இரண்டு வருடத்தில் ஆய்வுக்குச் செலவிட்ட நேரம் பூஜ்யம். ஆனால் உருளையின் துப்புரவுப் பதிவேட்டில் எல்லாமே இருந்தது. எந்த நாளில் எவ்வளவு உப்பு, எத்தனை நாற்று செத்தது, எத்தனை பிழைத்தது என்று, ‘தரை சுத்தம், ஜன்னல் சுத்தம்’ என்பதற்கு நடுவே ஒழுங்காக எழுதியிருந்தது. ஆய்வைச் செய்தவருக்கே ஆய்வு சொந்தம் என்பது பல்கலைக்கழக நேர்மைக் குழுவின் முதல் விதி. விஞ்ஞானிகளின் உழைப்பை யாரும் திருடிவிடக் கூடாது என்பதற்காகவே அதைக் கொண்டுவந்திருந்தார்கள்.

ஒரே வாரத்தில் உருளை உலகப் புகழ் பெற்றது. நாட்டின் முதல் எந்திர ஆய்வாளர் எங்களிடம் என்று துணைவேந்தர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். பெயர்ப்பலகை வைத்தார்கள். துடைப்பக் கைகளைக் கழற்றிவிட்டுத் தட்டச்சு செய்யும் விரல்களைப் பொருத்தினார்கள். எந்திரத்துக்கு உற்சாகம் எப்படி வரும் என்று ஒரு சிக்கல் எழுந்தது. அதன் மின்கலத்தைச் சற்று அதிகமாகச் சூடாக்கினால் உற்சாகமானி எழுபத்தொன்றில் நிலையாக நிற்பதைக் கண்டுபிடித்து அதையும் சரிசெய்தார்கள்.

பிறகு, மற்ற ஆய்வாளர்களுக்குச் செய்வது போலவே, நிதி கிடைக்கும்வரை ஆய்வகக் கதவைத் திறக்கும் அதன் அனுமதியை ரத்து செய்து, விண்ணப்பக் கூடத்தில் ஓர் இருக்கை கொடுத்தார்கள். யாழ்மொழியின் இருக்கை. பதினான்காம் தட்டு எரியுலைக்குப் போகவில்லை. அதற்கு இப்போது உரியவர் இருந்தார். தண்ணீர் ஊற்றத்தான் யாரும் இல்லை.

ஒப்பந்தம் முடிய நான்கு நாள் இருக்கையில் யாழ்மொழி மார்ட்டினின் அறைக்குப் போனாள். விடைபெறத்தான் போனாள். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

“உருளையின் பழைய வேலையை யார் பார்க்கிறார்கள்?” என்று கேட்டாள்.

“யாருமில்லை. புதிய எந்திரம் வாங்க விண்ணப்பித்திருக்கிறோம்.” அவர் பெருமூச்சு விட்டார். “வர ஆறேழு வருடமாகலாம். அதுவரை காத்திருக்காமல் மனிதர் யாரையாவது நியமிக்கச் சொல்கிறார்கள். சாதாரணத் துப்புரவு வேலை.”

“ஒப்பந்தம் எத்தனை மாதம்?”

“ஒப்பந்தம் இல்லை, நிரந்தரப் பணி.” சொல்லும்போதே அவருக்குக் காது சிவந்தது. “ஓய்வுபெறும் வயதுவரை. விசாவும் கூடவே நீளும்.”

“சாவி?”

“எல்லா அறைகளுக்கும்.”

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் மகளிடம் சொன்னாள். பதின்மூன்று வயது இதழினி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அம்மா, நீ டாக்டர் பட்டம் வாங்குனவ. தரை தொடைக்கப் போறியா?”

“ஆமா.”

“வெக்கமா இல்லையா ஒனக்கு?”

“இருக்கு,” என்றாள் யாழ்மொழி. உண்மையைத்தான் சொன்னாள். “ஆனா கதவு தெறக்கும்டி.”

துப்புரவுப் பணியாளருக்கு உற்சாகம் தேவையில்லை என்பதால், காதுக்குப் பின்னால் இருந்த சில்லை எடுத்துவிட்டார்கள். அக்டோபர் முதல் தேதி வாளியும் துடைப்பமுமாக அவள் ஆய்வகத்துக்குள் போனாள். பார்லி வாடித் தலைசாய்ந்து கிடந்தது. ஆனால் மணிகள் கெடவில்லை. தரையை முக்கால் மணியில் துடைத்து முடித்தாள். மிச்ச நேரம் முழுவதும் அவளுடையதாக இருந்தது. எத்தனை மணி நேரம் என்று கேட்க ஆளில்லை. என்ன பயன் என்று எழுதித் தரச் சொல்லவும் ஆளில்லை. ஏழாவது தலைமுறையை விதைத்தாள். பதினேழு வருடமாக யோசித்து வைத்ததையெல்லாம் குளிர்காலத்துக்குள் செய்து பார்த்தாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் விளையாட்டாக ஒரு காரியம் செய்தாள். பார்லியை அறுத்த பிறகு தட்டில் மிஞ்சிய மண்ணில், சமையலறையிலிருந்து கொண்டுவந்த வெந்தயத்தைத் தூவினாள். வெந்தயம் உப்பு மண்ணில் தலைகாட்டாது. ஐந்தாம் நாள் கதவைத் திறந்தபோது தட்டு முழுக்கப் பச்சையாக இருந்தது.

மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரிக்கவில்லை. பிறகு கருவியிலும் அளந்தாள். பூஞ்சை மண்ணின் உப்பைப் பார்லித் தாளுக்குள் ஏற்றிவிட்டிருந்தது. ஏழு முறை அறுத்துத் தாளை அப்புறப்படுத்தியதில் மண்ணே நல்ல மண்ணாகிவிட்டது. இனி உப்பில் எதை விளைவிப்பது என்பது கேள்வியே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெளுத்துக் கிடக்கிற வயல்களையும், வேதாரண்யத்து வயல்களையும் சேர்த்தே மீட்டுவிடலாம். அவள் கை தன்னையறியாமல் காதுக்குப் பின்னால் போயிற்று. அங்கே தழும்பு மட்டும் இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக நூற்றைத் தொட்டிருப்பாள். அளக்க ஆளில்லை.

கையிலிருந்த துடைப்பத்தைக்கூட வைக்காமல் மார்ட்டினிடம் சொல்ல ஓடினாள். விண்ணப்பக் கூடத்தின் வாசலில் கால் நின்றுவிட்டது.

அவளுடைய பழைய இருக்கையில் உருளை உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மின்கலச் சூட்டில் அதன் மேல்மூடி லேசாகக் கருகியிருந்தது. அவளைக் கண்டதும் தட்டச்சை நிறுத்திவிட்டு வாசலுக்கு உருண்டு வந்தது.

“வாங்கக்கா. மூணாவது விண்ணப்பமும் ஆவலை.”

“இப்ப என்ன சொல்றாங்க?”

“‘முடிவு ஏற்கெனவே தெரிஞ்ச ஆய்வு, நிதி தேவையில்லை’ங்கறாங்க. இன்னொண்ணு எழுதச் சொல்லியிருக்காங்க.” அது அவள் கையைப் பார்த்தது. “அந்தத் தொடப்பத்த ஒரு அஞ்சு நிமிஷம் குடுக்குறீங்களாக்கா?”

கொடுத்தாள். புதிய விரல்களுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. இருந்தாலும் வாசல் தரையில் ஒரு முழ இடத்தைப் பளபளவென்று துடைத்தது.

அப்போது மார்ட்டின் அந்த வழியாக வந்தார். “எல்லாம் நலமா, யாழ்? ஆய்வகத்தில் ஏதாவது விசேஷம் உண்டா?”

சட்டைப் பைக்குள் ஈரத் துணியில் சுற்றிய வெந்தயக் கீரை இருந்தது. இதை எடுத்துக் காட்டினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். பெயர்ப்பலகை வரும். சில்லு வரும், இந்த இருக்கை வரும், கதவு பூட்டிக்கொள்ளும். காட்டாவிட்டால் வெளியே வயல்கள் வெளுத்தே கிடக்கும். தான் செய்வது தப்பு என்றும் தெரிந்தது. தப்பு என்று தெரிந்தேதான் பதில் சொன்னாள்.

“தரை சுத்தமாக இருக்கிறது.”

“மிக்க மகிழ்ச்சி,” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கூட்டத்துக்கு விரைந்தார்.

அவர் போனதும் உருளை குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது. “தட்டு எப்பிடிக்கா இருக்கு?”

அவள் குனிந்து பையைத் திறந்து காட்டினாள். உருளை வெகுநேரம் பார்த்தது. கூடத்துக்குள் அதன் இருக்கையில் மணி அடித்தது. உற்சாகமடைய வேண்டிய நேரம். அது துடைப்பத்தை அவள் கையில் திருப்பிக் கொடுத்தது.

“என்னால உள்ள வர முடியாதுக்கா,” என்றது. “நீங்களாப் பாத்து ஏதாவது செய்யுங்க.”

யாழ்மொழி ஆய்வகத்துக்குத் திரும்பினாள். துப்புரவுப் பதிவேட்டில் ‘ஜன்னல் சுத்தம்’ என்பதற்குக் கீழே அன்றைய உப்பளவை எழுதிவிட்டு, வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.